சீஸுக்குச் சந்தனக் காப்பு

"இதுக்கு முகம் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

பண்ணையார் கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். கணக்குப்பிள்ளை பலகையைப் பார்த்தார். பலகையின் மேல் சிவப்பு உருண்டை ஒன்றும், உடம்பெல்லாம் பச்சை நரம்போடிய வெள்ளைக் கட்டி ஒன்றும் உட்கார்ந்திருந்தன. மூன்று பேரும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம். குற்றாலத்தில் பண்ணையாருடைய பங்களாவின் சமையலறை அது. காலை ஒன்பது மணி இருக்கும்.

நான் ஒன்றும் வீம்புக்குக் கேட்கவில்லை. அலங்காரம் செய்கிறவன் முதலில் முகத்தைத்தான் தேடுவான். முகம் தெரிந்தால்தான் மாலை எங்கே விழ வேண்டும், விளக்கு எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் தெரியும். முகமே இல்லாத ஒன்றுக்கு என்ன ஜோடனை செய்வது? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"துரைமார் எந்தப் பக்கம் உக்காருதாவளோ அந்தப் பக்கம் முகம்னு வெச்சுக்கோயேம்லே," என்றார் பண்ணையார்.

"மேசையச் சுத்தில்லா உக்காருவாவ, ஐயா."

"அப்ப சுத்தி முகத்த வை."

அன்றைக்குப் பூராவும் எனக்குக் கிடைத்த பதில்கள் எல்லாம் இந்த லட்சணத்தில்தான் இருந்தன. வருஷம் முப்பதோ முப்பத்தொன்றோ, சரியாக நினைவில்லை. மார்கழி, கிறிஸ்மஸ் நாள், வியாழக்கிழமை. அது மட்டும் மறக்காது. ஏனென்றால் மறுநாள் வெள்ளிக்கிழமைக்காக நான் மூன்று வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தேன்.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். இலஞ்சிப் பக்கம் ஒரு சின்ன அம்மன் கோவில். அது பண்ணையார் குடும்பத்துக் கோவில். பூசை எங்கள் குடும்பத்துக்கு. மார்கழி இரண்டாம் வெள்ளியன்று அம்மனுக்குச் சந்தனக் காப்பு. வருஷத்துக்கு ஒரே ஒரு நாள்தான். உச்சி முதல் பாதம் வரை சந்தனத்தை அப்பி, அதிலேயே முகம் எழுதி, நடுப்பகலில் திரையை விலக்குவோம். ஒரு வருஷம் எங்கள் வீட்டு முறை, மறு வருஷம் பெரியப்பா வீட்டு முறை. எங்கள் முறையில் அப்பா செய்துவந்தார். அப்பா தவறிப்போன பிறகு வந்த எங்கள் முறையில் தீட்டு என்று என்னை விடவில்லை. ஆகவே அந்த வெள்ளிதான் என் கையால் முதல் காப்பு. எனக்கு இருபத்து மூன்று வயது. கல்யாணமாகி எட்டு மாதம். மாப்பிள்ளை செய்யும் அலங்காரத்தைப் பார்க்க என் மாமனாரும் மாமியாரும் கடையத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து விரதம். பாலும் பழமும் மட்டும்தான். வயிறு ஒட்டிப்போய், கை மட்டும் பரபரவென்று இருந்தது.

நானும் என் மனைவியும் மூன்று நாளாகச் சந்தனம் அரைத்திருந்தோம். உடம்புக்குப் பூசுவதை ஒரு பெரிய தவலையில் வழித்துக் கோவில் சாமான் அறையில் வைத்தாயிற்று. முகத்துக்கு மட்டும் தனியாக அரைப்போம். விரலில் தொட்டால் விரலுக்கே தெரியாத அளவுக்கு நைசாக இருக்க வேண்டும். அதை ஒரு பித்தளைக் கும்பாவில் வழித்து, ஈரத்துணி போட்டு மூடி அந்த அறை ஜன்னலில் வைத்திருந்தேன். கும்பாவின் விளிம்பில் நசுங்கின ஒரு சொட்டை உண்டு. அப்பா காலத்துச் சொட்டை.

அப்படியிருக்க, வியாழக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் கணக்குப்பிள்ளை கோவிலுக்கு வந்து நின்றார். "ஐயா உடனே வரச் சொல்லுதாவ. கும்பாவுலயோ செம்புலயோ சந்தனமும் எடுத்துக்கிடணுமாம். பூவும் ஓலையும் அங்கன இருக்கு."

"நாளைக்குக் காப்பு. இன்னைக்கு என்னவே கூப்பாடு?" என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாயந்தரம் துரைமார் வாராவ. ஏதோ சீஸாம். அதுக்கு ஜோடிக்கணுமாம்."

"சீஸ்னா?"

"எனக்கு மட்டும் என்னவே தெரியும்?" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீரு வரலேன்னா நாளைக்குக் காப்புக்கு உம்ம அண்ணன வெச்சுக்கிடுதேன்னு சொல்லச் சொன்னாவ," என்றார்.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் எழுதும் முகம் எப்போதும் கொஞ்சம் உர்ரென்று இருக்கும். ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தவலையைத் தூக்கிக்கொண்டு குற்றாலம் வரை நடக்க முடியாது. எதிரே இருந்தது கும்பாதான். சாயங்காலம் வந்து வேறு அரைத்துக்கொள்ளலாம் என்று அதையே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். முறை போய்விடக் கூடாதே என்ற ஒரே பயம். அந்தப் பயத்தில் போனதுதான்.

பண்ணையாருக்குப் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ள ஒரு சர்க்கார் பட்டம் வேண்டியிருந்தது. அதற்காகச் சாரல் காலத்தில் வாடகைக்கு விடுகிற பங்களாவில் அந்த வருஷம் துரைமாருக்குக் கிறிஸ்மஸ் விருந்து வைத்தார். ஜில்லாவிலிருந்து ஒரு துரையும் துரைசானியும், மலைமேல் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் நாலைந்து பேரும் வருவதாக ஏற்பாடு. மதராஸில் ஒரு கடைக்கு எழுதிப்போட்டு இந்தச் சீஸை வரவழைத்திருந்தார். தென்காசி ஸ்டேஷனில் பெட்டியை இறக்கியவன், உள்ளே எலி செத்துக் கிடக்கிறது என்று சொல்லித் தள்ளி வைத்திருந்தானாம். கணக்குப்பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏற்றி வந்திருக்கிறார்.

பெட்டியோடு ஒரு படம் போட்ட புத்தகமும் வந்திருந்தது. அதில் ஒரு பலகை. பலகையின் மேல் உருண்டையும் கட்டியும். சுற்றிலும் ஏதோ இலை, ஏதோ காய். பண்ணையார் அதை என் முகத்துக்கு நேரே பிடித்து, "இதே மாதிரி. இதவிட ஒசத்தியா. துரைசானி பாத்ததும் அசந்துரணும்," என்றார். படம் கறுப்பு வெள்ளை. அதில் எது பூ, எது காய், எது நிழல் என்று எனக்குப் பிடிபடவில்லை.

"இது திங்கிற சாமானா, ஐயா? இல்ல, சாமி மாதிரி நடுவுல வெச்சுக் கும்பிடுகதா?"

"திங்கிறதுதாம்லே. பாலுல செய்யுததாம். நம்ம ஊர்ல வெண்ணெய் எடுக்கோம்லா, அது மாதிரி."

"அப்ப ஏன் இப்படி நாறுது?"

"அதான் ஒன்னையக் கூப்பிட்டேன்," என்றார் பண்ணையார். "நாத்தம் தெரியக் கூடாது. சந்தனம் எதுக்கு இருக்கு?"

இதற்கு மேல் என்ன கேட்பது? துண்டை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பலகை என்று அவர்கள் வைத்திருந்தது கல்யாண மணை. பலாப்பலகை, காலெல்லாம் கடைசல். அதைக் கழுவித் துடைத்தேன். விளிம்பு முழுக்க வெற்றிலையை அடுக்கினேன். குருத்தோலையைக் கிழித்துக் கிளி முடைந்து நாலு மூலையிலும் நிறுத்தினேன். படத்தில் இருந்த காய்க்குப் பதிலாக நெல்லிக்காயும் மலைவாழைப்பழமும். பூவுக்குச் செவ்வந்தி. கணக்குப்பிள்ளை ஒரு கூடை அரளியும் பறித்து வைத்திருந்தார். "அரளி சாமிக்கு ஆகும்வே, துரைக்கு ஆகாது. செத்துப்போவான்," என்று அதை எடுத்து வெளியே எறிந்தேன்.

சிவப்பு உருண்டையில் அவ்வளவாக நாற்றம் இல்லை. அதற்கு ஓலையில் ஒரு கிரீடம் முடைந்து வைத்ததோடு விட்டுவிட்டேன். வெள்ளைக் கட்டிதான் படுபாவி. பச்சையாகப் பூசணம் பூத்துப்போனதைக் கடையில் தெரியாமல் அனுப்பிவிட்டான் என்றுதான் நினைத்தேன். சொல்லிப் பார்த்தேன். பண்ணையார் படத்தைத் தட்டிக் காட்டினார். படத்திலும் நரம்பு இருந்தது. சரி, உங்கள் பாடு துரை பாடு என்று கும்பாவைத் திறந்தேன்.

ஒரு விரல் கனத்துக்கு அப்பினேன். கட்டியைத் தொட்ட விரலாலேயே கும்பாவைத் தொட்டு, மறுபடி கட்டியைத் தொட்டு, இப்படியே. பால் சாமான்தானே, விரதத்தில் நானே பால்தானே குடிக்கிறேன், இதில் என்ன தீட்டு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். நாற்றம் அடங்கி மணம் வந்தது. எனக்கும் சுறுசுறுப்பு வந்துவிட்டது. மூன்று வருஷமாக ஏங்கின கை அல்லவா? மட்டம் பார்த்தேன், வழவழவென்று தேய்த்தேன், கட்டைவிரலால் இரண்டு பக்கமும் கொஞ்சம் அழுத்தினேன்.

நிமிர்ந்து பார்த்தால் புருவம்!

என்னை அறியாமல் புருவம் போட்டிருக்கிறேன். நடுவில் மூக்கைக்கூடக் கிள்ளி எடுத்திருந்தேன். உதடு மட்டும்தான் பாக்கி. அட கண்றாவியே, நாளைக்கு அம்மனுக்குப் போட வேண்டிய முகத்தை இன்றைக்கு எதற்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்? யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. உள்ளங்கையால் ஒரே தேய்ப்பாகத் தேய்த்து அழித்தேன். அப்புறம் அந்த இடத்தில் கிராம்பை வரிசை வரிசையாகக் குத்தி மூடினேன்.

மூன்று மணிக்குத் துரையின் மூட்டை முடிச்சுகளோடு பட்லர் முன்னால் வந்து சேர்ந்தான். செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்து ஆள். பாதிப் பேச்சு மலையாளம். பலகையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"எண்டெ பகவானே! இது எந்தா? சீஸ் எவிடெ?"

"உள்ள இருக்கு," என்றேன்.

அவன் என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தான். பண்ணையார் தூணோரமாக நின்று பெருமையோடு மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்த பட்லர் வாயை மூடிக்கொண்டான். அதற்குள் வாசலில் கார் சத்தம் கேட்டுவிட்டது. இனி எதையும் மாற்ற நேரமில்லை.

நான் அப்போதே வீட்டுக்குக் கிளம்பியிருக்க வேண்டும். பண்ணையார் விடவில்லை. "செஞ்சவன் இருக்கணும்லே. துரை கேட்டா யாரக் காட்டுகது?" என்று வராந்தாக் கதவோரம் நிறுத்திவிட்டார். நான் கும்பாவை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றேன்.

துரைமார் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், என்னென்னவோ குடித்தார்கள். பலகையைக் கொண்டுவந்து நடுவில் வைத்ததும் பேச்சு நின்றது. துரைசானி இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். துரை எழுந்து பலகையைச் சுற்றி வந்து பார்த்தார். அவருக்கும் முகம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை போலிருக்கிறது. பிறகு கத்தியை எடுத்தார்.

கத்தி இறங்கினபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. நாங்கள் செய்கிற அலங்காரத்தை யாரும் வெட்ட மாட்டார்கள்.

கண்ணைத் திறந்தபோது துரை மென்றுகொண்டிருந்தார். சந்தனமும் கிராம்புமாக ஒரு துண்டு. மெல்லுவதை நிறுத்தினார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மறுபடி மென்றார். விழுங்கினார். என்னவோ சொன்னார். துரைசானி சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும் சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள், ஆளுக்கொரு துண்டு வெட்டிக்கொண்டார்கள். தோட்டத்துத் துரை ஒருவர் வெற்றிலையைத் தனியாக எடுத்துக் கறுக்மொறுக்கென்று மென்றார். ஒருவர் ஓலைக் கிரீடத்தை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். பண்ணையாரும் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு ஒரு அட்சரம் புரியவில்லை என்று எனக்குத் தெரியும். இது பாராட்டா, பரிகாசமா? நான் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு துரைசானி என்னைக் கூப்பிட்டாள். பண்ணையார்தான் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தார். ஒரு பிஸ்கோத்தின் மேல் சீஸும் சந்தனமுமாக ஒரு துண்டை வைத்து நீட்டினாள். முகத்தில் நல்ல சிரிப்பு. அதில் ஒரு சூதும் இல்லை. நான் பண்ணையாரைப் பார்த்தேன்.

"விரதம், ஐயா," என்றேன் மெல்ல.

"பாலுதாம்லே. பால் விரதத்துக்கு ஆகும்லா? வாங்கு. மானத்த வாங்கிராத," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

வாங்கினேன். வாயில் போட்டேன். முதலில் உப்பு. அப்புறம் ஒரு புளிப்பு. அப்புறம் சந்தனத்தின் கசப்பு. நாலு நாள் பட்டினி கிடந்த வயிறு. பொய் சொல்லுவானேன், நன்றாக இருந்தது. இன்னொரு துண்டு கொடுத்தாலும் தின்றிருப்பேன்.

வெயில் தாழ்ந்ததும் பின்வாசலில் பட்லர் என்னைப் பார்த்துச் சிரித்தான். "பூசாரி, தின்னல்லோ! நான் நெனச்சு, நீங்க இதொண்ணும் தொடாத கூட்டம்னு."

"பால்தானே," என்றேன்.

"பாலுதான். ஆனா பாலு கட்டியாவணும்ல்லோ? கன்னுக்குட்டிக்கு வயித்துக்குள்ள ஒரு பை உண்டு. அத அறுத்து எடுத்துக் காயவெச்சு, ஊறப்போட்டு, அந்தத் தண்ணியப் பாலுல விடும். அப்பத்தான் திரியும்." அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சமையல்காரன் தெரிந்ததைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான்.

கன்றுக்குட்டியின் வயிறு. அதை நான் தின்றிருக்கிறேன். நாளைக்குக் காப்பு.

இலஞ்சிக்கு எப்படி நடந்து வந்தேன் என்று தெரியாது. வழியில் ஓடையில் இறங்கி முங்கினேன், வாயைக் கொப்பளித்தேன், விரலை விட்டு வாந்தி எடுக்கப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஈரத்தோடு கோவிலுக்கு வந்து, உள்ளே போகாமல், வழக்கம்போலச் சாமான் அறை ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கும்பாவை அதன் இடத்தில் வைத்தேன். ஈரத்துணியைக்கூட இழுத்து மூடினேன். கை அதன் பாட்டுக்குச் செய்தது. புத்தி வேறெங்கோ இருந்தது.

வீட்டில் விளக்கு ஏற்றியிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"தெரிஞ்சா தின்னிய?"

"இல்ல."

"பின்ன என்னத்துக்கு இப்படிப் பேயறைஞ்ச மாதிரி நிக்கிய? நீங்க தெரியாமத் தின்னது அம்மனுக்குத் தெரியாதா? அவ என்ன பச்சப்புள்ளயா? எங்க அம்மையும் ஐயாவும் வண்டி கட்டிட்டு வந்துட்டு இருக்காவ. என்னனு சொல்லுவேன்? உங்க மாப்பிள்ள துரை வீட்டுல தின்னுபோட்டு வந்து படுத்துக்கிடக்காவன்னா?"

அவள் சொன்னதும் சரிதான். ஆனால் அந்த உப்பு நாக்கிலேயே இருந்தது. அது நன்றாக இருந்ததுதான் என்னை வதைத்தது. அருவருப்பாக இருந்திருந்தால்கூடக் காலையில் குளித்துவிட்டு உள்ளே போயிருப்பேன் என்று தோன்றுகிறது. ருசித்துத் தின்றவன் எந்த முகத்தோடு போய் அம்மன் முகத்தைத் தொடுவேன்? ஒன்றுக்கொன்று ஒட்டாமல் என்னென்னவோ நினைத்தேன். கடைசியில் சாமான் அறைச் சாவியை எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன்.

"அண்ணே, நாளைக்கு நீங்க செஞ்சிருங்க. என் விரதம் கெட்டுப்போச்சு."

"ஏலே, உன் முறைலே! மூணு வருசமாக் கிடந்து தவிச்சியே!" என்று அண்ணன் பதறிவிட்டார். "அப்படி என்னத்தடே தின்ன?"

"கேக்காதிய அண்ணே."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். சாவியை வாங்கிக்கொண்டார். திரும்பி வரும்போது நான் அழுதேன். சொல்வதற்கென்ன வெட்கம், தெருவிலேயே அழுதேன்.

மறுநாள் நடுப்பகலில் கூட்டத்தோடு கூட்டமாகக் கோவிலுக்கு வெளியே நின்றேன். ஒரு பக்கம் மாமனார், ஒரு பக்கம் மனைவி. எனக்குக் காய்ச்சல் என்று அவர்களிடம் அவளே ஒரு பொய்யைச் சொல்லிவைத்திருந்தாள். மணி அடித்தது. திரை விலகியது.

கூட்டத்தில் ஒரு "ஆ" எழுந்தது. நானும் எட்டிப் பார்த்தேன்.

அம்மன் சிரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் எழுதுகிற உர்ரென்ற முகம் இல்லை. கன்னம் பளபளத்தது. உதட்டோரம் லேசாக மேலே ஏறியிருந்தது. இதோ ஏதோ சொல்லப் போகிறாள் என்பதுபோல ஒரு முகம். என் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எம்மா, எம்மா," என்று அரற்றினாள். பண்ணையார் முன்வரிசையில் நின்று எல்லோரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார், ஏதோ தாமே எழுதின மாதிரி.

அண்ணன் வியர்க்க விறுவிறுக்க வெளியே வந்தார். என்னைக் கண்டதும் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"எல்லாம் உன் கைடே! ஒடம்புக்குத் தவலச் சந்தனம் சரியாப்போச்சு. முகத்துக்கு என்னடா செய்யன்னு பாத்தேன். ஜன்னல்ல உன் கும்பா இருந்துது. பாதிதான் இருந்துது, ஆனா என்ன நைசுடே! தொட்டதும் தானா வழுக்கிட்டுப் போகுது. ஏதும் வெண்ணெய் சேத்து அரைச்சியா? நான் என்னத்தப் போட்டேன், அதுவால்லா சிரிச்சுது!"

அந்தக் கும்பா. சீஸைத் தொட்ட விரலால் தொட்டுத் தொட்டு எடுத்த சந்தனம். அந்தக் கொழுப்பெல்லாம் அதில்தானே இருந்திருக்கும்? நான் தொடக் கூடாதென்று தள்ளி நின்றேன். நான் தொட்டது எனக்கு முன்னால் போய் அவள் முகத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் என்ன ஆகும்? காப்பைக் கலைப்பார்கள், அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார், பரிகாரம் என்பார்கள். சிரிக்கிற முகத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். சொல்லாவிட்டால்? அது எனக்குத் தெரியவில்லை.

என் மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. கும்பாவை நான் எங்கே கொண்டுபோனேன் என்று அவளுக்குத்தான் தெரியுமே. என் காலை நறுக்கென்று மிதித்தாள்.

"வாய மூடிட்டு நில்லுங்க," என்றாள் உதடு அசையாமல். "அவளே சிரிக்கா. உங்களுக்கு என்ன?"

வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் காப்பைக் களைந்து சந்தனத்தை ஊருக்குப் பிரசாதமாகக் கொடுப்பது வழக்கம். உடம்புச் சந்தனம் ஊருக்கு. முகத்துச் சந்தனம் முறைக்காரன் வீட்டுக்கு. அண்ணன் முகத்துச் சந்தனத்தை ஒரு இலையில் வைத்து எடுத்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். "செஞ்சது நானா இருந்தாலும் முறை உன்னுதுடே. இது உனக்குத்தான்," என்று என் கையில் வைத்தார். அவர் போகும்வரை நான் அதை ஏந்திக்கொண்டே நின்றேன்.

அவர் போனதும் முகர்ந்து பார்த்தேன். சந்தனம் மணத்தது. அதற்கு அடியில் வேறு ஏதோ இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. மனைவியிடம் நீட்டினேன். அவளும் முகர்ந்தாள். அப்புறம் நான் எத்தனையோ வருஷம் காப்புச் செய்துவிட்டேன். நல்ல முகம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு என் கைக்கு ஒருநாளும் வரவில்லை. எதைச் சேர்க்காமல் அரைக்கிறேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார்; அவரிடமும் நான் சொல்லவில்லை.

அன்று காலை அந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். பூசிக்கொண்டால் பாவமா, பூசாமல் கீழே வைத்தால் பாவமா என்று யாரைக் கேட்பது? கடைசியில் மனைவிதான் என் விரலைப் பிடித்து அதில் தோய்த்தாள். நெற்றியில் பூசிக்கொண்டேன். குளிர்ச்சியாக இருந்தது.